அம்பிகாவின் நஞ்சுக்கொடி

பெரம்பலூர்
25 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அண்ணிக்கு,

மேகலா எழுதுகிறேன். ஹாஸ்டல் தண்ணீரைத் தவிர இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை. உங்களுக்குத் தையல் வலி குறைந்ததா, பாப்பா பால் குடிக்கிறாளா, அத்தைக்கு முழங்கால் எப்படி இருக்கிறது, எல்லாம் எழுதுங்கள்.

பாப்பா பிறந்த அன்று சாயங்காலம் உங்கள் அம்மா எனக்குப் போன் செய்தார்கள். "மேகலா, புதுச்சட்டியில வாங்கியாந்து கொல்லையில முருங்கைக்கிட்ட பொதைச்சாச்சு. மஞ்சத்தண்ணி தெளிச்சு சூடம் காட்டிட்டேன். இனிமே என் பேத்திக்கு ஒண்ணும் வராது" என்றார்கள். நான் "சரிங்க அத்தை, நல்லதுங்க அத்தை" என்றேன். நான் சொல்லாமல் விட்டது இதுதான்: அந்தச் சட்டியில் இருந்தது உங்கள் நஞ்சுக்கொடி இல்லை. உங்களுடையது அந்த நேரத்தில் எங்கள் லேப் மேஜையில், எஃகுத் தட்டில், என் முன்னால் இருந்தது.

இதைப் போனில் சொல்ல முடியவில்லை. உங்கள் வீட்டில் போன் வந்தால் ஸ்பீக்கரைப் போட்டு நடுக்கூடத்தில் வைத்துவிடுகிறார்கள். அதனால்தான் கல்யாணத்துக்கு முன் நாம் எழுதிக்கொண்ட மாதிரி எழுதுகிறேன்.

என் வேலை என்ன என்று யாராவது கேட்டால் "தோல் ஆராய்ச்சி" என்று முடித்துக்கொள்வேன். உங்களிடம் முழுக்கச் சொல்ல வேண்டும். நஞ்சுக்கொடியையும் குழந்தையைச் சுற்றியிருக்கும் பனிக்குடச் சவ்வையும் பல தடவை கழுவி, அதிலுள்ள செல்களை எல்லாம் நீக்கிவிட்டால், வெள்ளையாக ஒரு வலை மிஞ்சும். ஆட்கள் காலிசெய்துவிட்டுப் போன வீட்டில் சுவர் மட்டும் நிற்பதுபோல. அதை உலர்த்திப் பொடித்துக் கரைத்தால் கூழாகிறது. நாங்கள் அதை மை என்போம். அந்த மையோடு புதிய செல்களைக் கலந்து, அதற்கென்று இருக்கும் பிரிண்டரில் ஊற்றினால் அடுக்கடுக்காகத் தோல்போல அச்சிடலாம். தீக்காயம் பட்டவர்களுக்கும் சர்க்கரைப் புண் ஆறாதவர்களுக்கும் ஒருநாள் இது உதவும். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

நஞ்சுக்கொடிகள் அரியலூரில் நீங்கள் பிள்ளை பெற்ற அதே ஆஸ்பத்திரியிலிருந்து வருகின்றன. நாங்கள் முறைவைத்து ஐஸ் பெட்டியோடு பஸ்ஸில் போய் வாங்கி வருவோம். அன்று என் முறை. உங்கள் பிரசவமும் அன்றே என்று எனக்கு ஒரே சந்தோஷம். ஆயா பொன்னம்மாள் வழக்கம்போல் பெட்டியை நிரப்பிக் கொடுத்தார். எப்போதும் பையின் மேல் எண் மட்டும்தான் இருக்கும். அன்று ஆஸ்பத்திரிச் சீட்டைக் கிழிக்க மறந்திருக்கிறார்கள். பெரம்பலூர் வந்து பெட்டியைத் திறந்தால் "அம்பிகா, க/பெ இளவரசன்" என்று இருந்தது. கொடி முழுசாக இருந்தது. அத்தை சட்டியோடு போய்க் கேட்டபோது, அவர்களைச் சமாளிக்க, அன்று காலை பிரசவமான வேறு யாருடையதையோ போட்டுக் கொடுத்திருக்கிறார்கள்.

தாமதித்தால் கெட்டுவிடும். அதனால் கழுவினேன். அதையும் சொல்லிவிடுகிறேன்.

எனக்குக் கோபம் கோபமாக வருகிறது, அண்ணி. இத்தனை நாளில் ஒரு தாயிடமும் யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டால் தந்திருக்க மாட்டார்களா? நீங்களே சொல்லுங்கள். அன்று உங்களிடம் கேட்டிருந்தால் தந்திருப்பீர்களா?

பாப்பாவுக்கு என் முத்தம்.

உங்கள் மேகலா


ஜெயங்கொண்டம் பக்கம், அம்மா வூடு
14 செப்டம்பர் 2024

நாத்தனார் மேடத்துக்கு,

அண்ணி எழுதுறது. நான் நல்லா இருக்கேன். பாப்பா என்னைவிட நல்லா இருக்கா, பகலெல்லாம் தூங்கி எழுந்திரிச்சு ராத்திரி கச்சேரி வைக்கிறா. பத்தியச் சோறு தின்னு தின்னு எனக்கு நாக்கே செத்துப்போச்சு. நீ ஹாஸ்டல் சாம்பாரைக் குறை சொன்னா இனிமே அடிப்பேன். ஒழுங்கா சாப்பிடு, கண்ணைக் கெடுத்துக்காத.

உன் லெட்டரை முந்திரிக்காட்டுல உக்காந்து படிச்சேன். மொதல்ல சிரிப்புத்தான் வந்துச்சு. எங்கம்மா வெள்ளிக்கிழமை தவறாம முருங்கைக்கு விளக்கு வெக்குது. எந்த ஊருக்காரியோ, அவளுக்கே தெரியாம அவளோடது எங்க கொல்லையில விளக்கு வாங்கிக்கிட்டு இருக்கு. அப்புறம் சிரிப்பு நின்னுபோச்சு.

ஞாயித்துக்கிழமை உங்கண்ணன் சிமெண்ட் லோடு இறக்கிட்டு இந்தப் பக்கம் வந்தாரு. ஆஸ்பத்திரியில எதுலங்க கையெழுத்துப் போட்டீங்கன்னு கேட்டேன்.

"நீட்டுன எடத்துல எல்லாம் போட்டேன்."

"இங்கிலீஷா தமிழா?"

"பேப்பரு."

"என்ன எழுதியிருந்துச்சு?"

"ஏன் அம்பிகா, பிள்ளை நல்லபடியா வந்துருச்சுல்ல? இப்ப என்ன அதுக்கு?"

பெத்தது நானு, கையெழுத்து அவரு, வாங்கிட்டுப் போனது நீ. நல்ல குடும்பம்தான் நம்ம குடும்பம்.

அம்மாகிட்ட சொல்லலை. நீயும் சொல்லிடாத. பாப்பாவுக்கு மூஞ்சி இப்பத்தான் தெளியுது. கருப்பா, நீளமா, உன் மூக்கு. பாவம்.

அண்ணி
அம்பிகா


பெரம்பலூர்
22 செப்டம்பர் 2024

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. என் மூக்கை எடுத்துக்கொண்ட பாப்பா நீடூழி வாழட்டும். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். எனக்கு இரண்டு நாள் ஜுரம் இருந்து விட்டுவிட்டது.

திங்கட்கிழமை எங்கள் வழிகாட்டி வேணுகோபால் சாரிடம் பேசினேன். வாரக் கூட்டம், எல்லாரும் இருந்தார்கள். "சார், அம்மாக்களிடம் நாம் ஏன் கேட்பதில்லை?" என்றேன்.

"ஆஸ்பத்திரியில் சேரும்போதே கையெழுத்து வாங்கிவிடுகிறார்களே."

"அது இங்கிலீஷில் ஒரு வரி சார். புருஷன்கள் போடுகிறார்கள்."

"மேகலா, அது குப்பை. ஆஸ்பத்திரிக் கழிவுக்கான மஞ்சள் பையில் போய் எரியப்போகிறது. எரிகிற பொருளை எடுத்து நாம் தோல் செய்கிறோம். இதில் யாருக்கு என்ன நஷ்டம்?"

"நஷ்டம் இல்லை என்றால் கேட்டுவிடலாமே சார்."

"கேட்டால் தரமாட்டார்கள். இந்தப் பக்கத்து ஜனங்கள் புதைக்கிற ஆட்கள்."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த சக ஆராய்ச்சி மாணவன் பாலாஜி மேஜைக்கடியில் என் காலை மிதித்தான். சார் சொன்னதில் எனக்கு அடங்காத ஆத்திரம் எது தெரியுமா? தரமாட்டார்கள் என்று தெரிந்திருக்கிறது, அதனால்தான் கேட்கவில்லை. இதைத் திருட்டு என்று சொல்லாமல் வேறு எப்படிச் சொல்வது? ஆனால் சார் நினைப்பது தப்பு என்று நிரூபிப்பேன். நம் பெண்கள் ரத்தம் தருகிறார்கள், செத்த பிறகு கண் தருகிறார்கள். உட்கார்ந்து புரியும்படி சொன்னால் இதையும் தருவார்கள். நீங்கள் தருவீர்கள்தானே?

இன்னொன்று. சொல்லலாமா என்று தெரியவில்லை. இதுவரை வந்தவற்றில் உங்களுடையதுதான் மிக நன்றாக வந்திருக்கிறது. அச்சில் கோடு பிசிறாமல் நிற்கிறது. நுண்ணோக்கியில் பார்த்தால் சல்லாத் துணி மாதிரி இருக்கிறது. அவ்வளவு அழகு.

அத்தைக்கும் மாமாவுக்கும் என் வணக்கம்.

உங்கள் மேகலா


அம்மா வூடு
19 அக்டோபர் 2024

மேகலாவுக்கு,

ஜுரம் வந்தா போன் பண்ணிச் சொல்றதில்லையா? கசாயம் வெச்சுக் குடி. நாங்க எல்லாரும் சுகம். மழை நல்லா பெய்யுது.

எங்க செவலை மாடு கன்னு போட்டுருச்சு. கெடாரிக் கன்னு. நஞ்சு விழற வரைக்கும் எங்கப்பா சோறு தண்ணி இல்லாம தொழுவத்துலயே உக்காந்திருந்தாரு. விழுந்ததும் நாய் வாய் வெச்சிடக்கூடாதுன்னு அள்ளி, வைக்கோல் சுத்திப் பிரி போட்டுக் கட்டி, மழையில சைக்கிளை எடுத்துட்டுக் கெளம்பினாரு. ஏரிக்கரை ஆலமரத்துல கொண்டுபோய்க் கட்டணுமாம். பால் மரத்துல கட்டினாத்தான் மாட்டுக்குப் பால் ஊறுமாம்.

"ஏம்ப்பா, மழை விட்டதும் போகக்கூடாதா? இல்லன்னா குப்பையில போட வேண்டியதுதானே"ன்னேன்.

"ஆயி, அது மாட்டுதுடி. கண்ட எடத்துல போட முடியுமா?"ன்னாரு.

நான் பாப்பாவை மடியில வெச்சுக்கிட்டு அவர் போறதையே பாத்துக்கிட்டிருந்தேன்.

என்னுது இன்னும் இருக்கா? இல்ல தீந்துபோச்சா? அதை மட்டும் எழுது.

அம்பிகா


பெரம்பலூர்
27 அக்டோபர் 2024

அன்புள்ள அண்ணிக்கு,

தீபாவளி வாழ்த்துகள். பாப்பாவின் முதல் தீபாவளி, போட்டோ அனுப்புங்கள். எனக்கு லீவு கிடைக்கவில்லை. உடம்பு தேறிவிட்டது.

இருக்கிறது. பாதியை அச்சிட்டுச் சோதித்துவிட்டோம். மீதி பொடியாக ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியில், கடும் குளிரில் உறையவைக்கும் ஃப்ரீசரில் பத்திரமாக இருக்கிறது.

அண்ணி, ஒரு நல்ல செய்தி. முயல்களின் முதுகில் புண் உண்டாக்கி, அச்சிட்ட தோலை வைத்துப் பார்த்தோம். உங்களுடையதை வைத்த புண்தான் முதலில் மூடியது, தழும்பும் குறைவு. சார் துள்ளிக் குதிக்காத குறை. கட்டுரை எழுதச் சொல்லிவிட்டார். என் ஆராய்ச்சிப் பட்டமே இதில்தான் நிற்கிறது.

நான் விடாமல் சண்டை போட்டதற்கும் பலன் உண்டு. அம்மாக்களிடம் கேட்பதற்கு எளிய தமிழில் ஒரு தாள் எழுதினேன். சார் முதலில் தூக்கிப் போட்டார், இப்போது சரி என்கிறார். கட்டுரைக்கும் அது தேவைப்படுகிறதாம். அந்தத் தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். முதல் கையெழுத்து உங்களுடையதாக இருக்கட்டும் என்பது என் ஆசை. எங்கே போடவேண்டும் என்று பென்சிலால் புள்ளி வைத்திருக்கிறேன். தேதியை மட்டும் காலியாக விட்டுவிடுங்கள், நானே போட்டுக்கொள்கிறேன். பாப்பா பிறப்பதற்கு முந்தைய தேதி வேண்டுமாம். அது ஒரு சம்பிரதாயம்தான்.

பதில் தபாலில் அனுப்பினால் நல்லது.

உங்கள் மேகலா


அம்மா வூடு
17 ஜனவரி 2025

மேகலாவுக்கு,

அம்பிகா எழுதுறேன். இங்க எல்லாரும் சுகம். பொங்கலுக்கு நீ வருவேன்னு பாத்தோம். போன்ல தாளு தாளுன்னு நீ இழுத்தப்பல்லாம் நான் பாப்பா பேச்சையே பேசிக்கிட்டிருந்தேன். ஸ்பீக்கர்ல வூடே கேட்டுக்கிட்டிருந்துச்சு. அது மட்டும் காரணமில்ல. எழுதி எழுதிக் கிழிச்சுப் போட்டேன். இதைக் கிழிக்கல.

மாசத்துக்கு ஒருதரம் நீ கேட்டுக்கிட்டே இருக்க, கேட்டிருந்தா குடுத்திருப்பீங்களான்னு. சொல்றேன் கேளு.

அன்னைக்கு உள்ள நான் எப்படிக் கெடந்தேன்னு உனக்குத் தெரியாது. காலு ரெண்டையும் தூக்கிக் கட்டி, ஒருத்தி வயித்தை அமுக்க, ஒருத்தி "கத்தாதம்மா, பெத்துக்க மட்டும் தெரிஞ்சுதுல்ல"ங்கறா. பிள்ளை வெளிய வந்துருச்சு. நான் என்ன பிள்ளைன்னு கேக்கறேன். யாரும் பதில் சொல்லல. திரும்பக் கேக்கறேன். அந்த நர்ஸு கதவைத் தொறந்து "பெட்டி வந்துருச்சா? பெரம்பலூர் பெட்டி வந்துருச்சா?"ங்குது. வெளியேருந்து "வந்துருச்சு, வந்துருச்சு"ன்னு பொன்னம்மா குரல் குடுக்குது. மருந்துப் பெட்டி போலருக்குன்னு நினைச்சுக்கிட்டேன். எனக்குப் பொறந்தது ஆணா பொண்ணான்னு எனக்குத் தெரியறதுக்கு முன்னாடி, பெட்டி வந்தது அவங்களுக்குத் தெரிஞ்சிருச்சு. அந்தப் பெட்டியோட வெளிய நின்னது நீ.

நீ உள்ள வந்து என் தலையில கைய வெச்சு "அண்ணி, இது எனக்கு வேணும்"னு கேட்டிருந்தா குடுத்திருப்பேன். என் தோலையே கேட்டிருந்தாலும் பாதி குடுத்திருப்பேன். உன் கேள்விக்குப் பதில் அதுதான். ஆனா நீ கேக்கல. எடுத்து, கழுவி, பொடிச்சு, முயலு முதுகுல ஒட்டிப் பாத்துட்டு, அப்புறம் தாளு அனுப்பறியே, புள்ளி வெச்சு! உங்கண்ணனுக்கு நீட்டின பேப்பருக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்? இது தமிழ்ல இருக்கு, அவ்வளவுதான். முந்தின தேதி வேற. நான் வலியில கத்திக்கிட்டிருந்த நாளுக்கு முந்தி ஒரு நாள்ல என்னை உக்கார வெச்சு, நான் சிரிச்சுக்கிட்டே கையெழுத்துப் போட்ட மாதிரி செய்யப் பாக்கற.

இல்லன்னு சொல்றதுக்கு எடம் விட்டுட்டுக் கேட்டாத்தான் அது கேள்வி. நீ விடல. அதனால எடத்தை நானே எடுத்துக்கறேன். இல்ல. நான் குடுக்கல. என்னுதைத் திருப்பிக் குடு. பொடியா இருந்தா பொடியா குடு, கூழா இருந்தா கூழா குடு.

தாளை அப்படியே திருப்பி வெச்சிருக்கேன். புள்ளியை அழிச்சுட்டேன்.

அம்பிகா


பெரம்பலூர்
24 ஜனவரி 2025

அண்ணிக்கு,

எல்லாரும் நலம் என்று நினைக்கிறேன்.

உங்கள் கடிதத்தைப் படித்ததிலிருந்து எனக்கு வேலை ஓடவில்லை. இந்த விஷயத்தை உங்களிடம் சொன்னது யார்? நான்தான். சொல்லாமலே இருந்திருந்தால் இன்றைக்கும் முருங்கைக்கு விளக்கு வைத்துக்கொண்டு நிம்மதியாக இருந்திருப்பீர்கள். அத்தனை பேர் முன்னால் சாரை எதிர்த்துப் பேசியதும் நான்தான். அதற்கு இதுவா பதில்?

அந்தக் குப்பியில் இருப்பது என் நான்கு வருடம். அதைத் தூக்கி உங்கள் கொல்லையில் கொட்டச் சொல்கிறீர்கள். கொட்டினால் யாருக்கு லாபம்? முந்திரி உடைத்து உடைத்து, தோட்டு எண்ணெய் பட்டுக் கை வெந்துபோன உங்கள் சித்திக்குப் புதுத்தோல் வேண்டாமா? உங்கள் ஊரில் அப்படி எத்தனை கைகள்! அவர்களை நினைத்துத்தான் இந்த வேலைக்கே வந்தேன். எரிந்துபோக வேண்டிய குப்பை ஒன்று இவர்களுக்கு உதவட்டும் என்று விட முடியாதா உங்களால்? இவ்வளவு பிடிவாதம் உங்களுக்கு இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

மேகலா


அம்மா வூடு
3 பிப்ரவரி 2025

மேகலாவுக்கு,

சுகம். பாப்பாவுக்கு ரெண்டு பல் வந்துருச்சு.

குப்பைன்னு எழுதியிருக்க. போன புரட்டாசியில அது உங்க சார் சொன்ன வார்த்தை. அப்ப உனக்கு ஆத்திரம் வந்துச்சுன்னு எழுதியிருந்த.

சித்தி கையைப் பத்தி எழுதியிருக்க. சித்தியைக் கேட்டியா?

அம்பிகா


பெரம்பலூர்
20 பிப்ரவரி 2025

அன்புள்ள அண்ணிக்கு,

நலமா? பாப்பாவின் பல்லைப் பார்க்க வேண்டும்.

உங்கள் கடிதம் வந்து பல நாள் ஆகிறது. பர்ஸில் வைத்துக்கொண்டே திரிந்தேன். நேற்று சாரின் அறைக்குப் போனேன். "அந்தக் குப்பியை எடுத்துப் போகிறேன் சார். அதற்கு உரியவர் தர முடியாது என்கிறார்" என்றேன்.

"யார் அது?"

"என் அண்ணி."

சிரித்துவிட்டார். "வீட்டுச் சண்டையை எல்லாம் லேபுக்குத் தூக்கி வராதே. ஒரு கையெழுத்துத்தானே? நீயே போடு. உன் அண்ணிதானே, கோர்ட்டுக்கா போகப் போகிறார்?"

அதைக் கேட்டபோது, அக்டோபரில் உங்களுக்கு எழுதிய என் கடிதமே வாய் திறந்து பேசுவதுபோல் இருந்தது. "கையெழுத்தும் இல்லை, குப்பியும் இல்லை சார். இனி யாரையும் கேட்காமல் எடுக்கிற பெட்டியை நான் தொடமாட்டேன்" என்றேன்.

"பெட்டியைத் தொடாத ஆளுக்கு இங்கே என்ன வேலை?"

நான் போய் ஃப்ரீசரைத் திறந்தேன். பாலாஜிதான் ஐஸ் கட்டி நிரப்பிக் கொடுத்தான். அச்சிட்டுத் தீர்த்ததைத் திருப்பித் தர வழியில்லை. மிஞ்சியதை ஞாயிற்றுக்கிழமை கொண்டுவருகிறேன். ஜெயங்கொண்டம் பஸ் ஸ்டாண்டிலிருந்து நானே வந்துவிடுவேன், யாரையும் அனுப்ப வேண்டாம். அத்தையிடம் எல்லாவற்றையும் என் வாயால் சொல்ல வேண்டும். நீங்கள் சம்மதித்தால்.

மேகலா


கீழப்பழுவூர்
8 ஜூன் 2025

அன்புள்ள அண்ணிக்கு,

வெயில் தாங்க முடியவில்லை. அம்மா, அப்பா நலம். நீங்கள் கோடைக்கு அங்கே போனதிலிருந்து பாப்பா இல்லாமல் வீடு வெறிச்சென்று இருக்கிறது. அண்ணன் அவளுடைய கிலுகிலுப்பையை லாரியில் மாட்டியிருக்கிறார்.

அன்று குப்பியை முருங்கையடியில் கொட்டியபோது அத்தை என்னை அடிப்பார்கள் என்றுதான் நினைத்தேன். அவர்கள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் பையைத் தூக்கிக்கொண்டு அரியலூர் பஸ் ஏறியது இன்னும் கண்ணில் நிற்கிறது. நானும் பின்னாலேயே ஏறிப் போனேன். ஆஸ்பத்திரி வரவேற்பில் நின்று, "எவளோடதடி என் கொல்லையில பொதைக்க வெச்சீங்க? அவ வந்து கேட்டா நான் என்னடி பதில் சொல்லுவேன்?" என்று கத்தினார்கள். வாட்ச்மேன் வந்தும் நகரவில்லை. நான் அங்கே எத்தனை தடவை பெட்டியோடு போயிருக்கிறேன். ஒருநாளும் எனக்கு அப்படிக் கேட்கத் தோன்றியதில்லை.

இப்போது வேறொரு விஷயம். சாரின் கட்டுரை வெளிநாட்டு இதழில் வந்துவிட்டது. என் பெயரை எடுத்துவிட்டார்கள். எனக்கு வருத்தம் இல்லை என்றால் பொய். ஆனால் உள்ளே இருக்கும் படம் உங்களுடையது. அந்தச் சல்லாத் துணியை எனக்குத் தெரியாதா? நான் எடுத்த படம். அதற்குக் கீழே, "தாய்மார்கள் அனைவரிடமும் முறைப்படி ஒப்புதல் பெறப்பட்டது" என்று ஒரு வரி. படித்ததும் உடம்பெல்லாம் பற்றி எரிகிறது.

இதழுக்கு நான் எழுத நினைக்கிறேன். உங்களைக் குறிப்பிடாமல் எழுதினால் அது வெறும் புகாராகத்தான் இருக்கும். குறிப்பிட்டால் உங்கள் பெயரும் பிரசவமும் முன்பின் தெரியாதவர்கள் கைக்குப் போகும். குறிப்பிடலாமா? வேண்டாம் என்றால் எழுதமாட்டேன், காரணமும் கேட்கமாட்டேன்.

உங்கள் மேகலா


அம்மா வூடு
11 ஜூன் 2025

அன்புள்ள மேகலா,

நாங்க சுகம். உன் லெட்டர் காலையில வந்துச்சு, சாயங்காலமே எழுதிட்டேன். நீயும் சாப்பிடாம கெடக்காத, உங்கம்மாகிட்ட போன்ல கேட்டேன், சொல்லிட்டாங்க.

பேரைச் சொல்லு. ஊரைச் சொல்லு. நர்ஸு கதவைத் தொறந்து பெட்டியைக் கேட்டதையும் சொல்லு. உன் லெட்டரோட வெக்கறதுக்கு நானே ஒண்ணு எழுதி இதுல வெச்சிருக்கேன். தமிழ்லதான் எழுத வரும். நீ இங்கிலீஷ்ல மாத்து, ஆனா பூசி மெழுகாத. "எனக்கு அந்தப் படம் வேணாம், எடுத்துடுங்க, என்னை யாரும் கேக்கல"ன்னு எழுதியிருக்கேன். அதை அப்படியே போடு.

உங்கண்ணன் வந்திருந்தாரு. "நானும் கீழ கையெழுத்துப் போடட்டுமா, வெயிட்டா இருக்கும்"னாரு.

"நீங்க போட்ட வரைக்கும் போதும்"னேன்.

மூஞ்சி சுண்டிப்போச்சு. அப்புறம் அவரே போய்த் தபால்தலை வாங்கிட்டு வந்தாரு.

கையெழுத்துக்குக் கீழ தேதியும் நானே போட்டிருக்கேன். இன்னைக்குத் தேதி.

உன் அண்ணி
அம்பிகா


திருச்சி
16 நவம்பர் 2025

அன்புள்ள அண்ணிக்கு,

நலம். நீங்களும் பாப்பாவும் எப்படி இருக்கிறீர்கள்? நடக்கிறாளாமே, அண்ணன் சொன்னார். மழையில் வெளியே விடாதீர்கள்.

எனக்கு இங்கே ஒரு கல்லூரியில் வேலை. முதல் வருடப் பிள்ளைகளுக்கு உயிரியல் எடுக்கிறேன். வேறு வழிகாட்டி யாரும் என்னை எடுத்துக்கொள்ளவில்லை, ஆராய்ச்சிப் பட்டம் அப்படியே நிற்கிறது. பாலாஜி போன் செய்தான். அரியலூரிலிருந்து பெட்டி இப்போதும் வருகிறதாம். பையில் சீட்டு எதுவும் இல்லாமல் பார்த்துக்கொள்கிறார்களாம்.

கட்டுரையைப் போன வாரம் இதழ் திரும்பப் பெற்றுவிட்டது. உங்கள் படத்தையும் எடுத்துவிட்டார்கள். உங்கள் கடிதத்துக்கும் என் கடிதத்துக்கும் பதில் எதுவும் வரவில்லை. கட்டுரை இருந்த இடத்தில் இப்போது ஒரே ஒரு வரிதான் இருக்கிறது. கட்டுரையை எழுதியவர்களின் வேண்டுகோளின்படி நீக்கப்பட்டது என்று.

உங்கள் மேகலா